இரவில் ஓடும் லப்டொப்பும் வடக்கு வாசல் வீடும்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். சுவிஸில் இருக்கும் உங்கள் தம்பியின் பழைய வீட்டைத் திருத்திக் கட்டினால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இரவிரவாக லப்டொப் ஓடுகிறது. "இது ஒரு வேலையா சேர், இல்லாட்டி கேம் விளையாடுற மாதிரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த இரவு விஷயத்தை முடித்துவிடுவோம். லப்டொப் விடியவிடிய ஓடினால் பிள்ளையும் விடியவிடிய முழித்திருக்கிறாள் என்று இல்லை. வீட்டின் உருவத்தைச் செய்து, நிறம் பூசி, சூரியனை வைத்து முடித்தபிறகு 'ரெண்டர்' என்ற பொத்தானை அழுத்துவார்கள். அதன்பிறகு வேலை இயந்திரத்துடையது. வெளிச்சம் சுவரில் பட்டு, தரையில் தெறித்து, விறாந்தைக்குள் எவ்வளவு போகும் என்பதைப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது கணக்குப் பார்க்கும். கணக்குக் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் பொரி பொரியாகத் தெரியும். அந்தப் பொரியைப் பாதியாக்க வேண்டுமென்றால் கணக்கை நான்கு மடங்காக்க வேண்டும். அதுதான் மணிக்கணக்கில் ஓடுகிறது. முதலில் கால்வாசி அளவில் சின்னப் படமாக ஓடவிட்டு, பிழைகளைத் திருத்தி, கடைசி ஒன்றை மட்டும் முழு அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் பில்லும் குறையும்.

சரி, இது வேலையா? வேலைதான். எங்கள் பக்கத்தில் அதற்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. வீட்டைத் திருத்தக் காசு அனுப்புகிறவர் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கிறார், வீடு இங்கே இருக்கிறது, மேசன் இங்கே நிற்கிறார். பிளானைப் பார்த்து விளங்கிக்கொள்ள எல்லோராலும் முடியாது. படத்தைப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். அந்தப் படத்தை நம்பித்தான் ஒருவர் காசைப் போடுகிறார். ஆகவே வடிவான படம் செய்வது இந்த வேலையில் பாதிகூட இல்லை. அந்த வீட்டுக்கு உண்மையான படம் செய்ய வேண்டும். வடிவான படம் இப்போது ஏஐயிடம் கேட்டாலே ஒரு நிமிடத்தில் வரும். ஆனால் அது மூன்று யன்னலை நான்காக்கிவிடும், தூணை ஒரு முழம் தள்ளி நட்டுவிடும். கட்டப்போகிறவருக்கு அது உதவாது. உங்கள் மகளுக்கு வேலை இருப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

மகளின் படம் எந்த நிலையில் இருக்கிறது என்று சோதிக்க ஆள் தேட வேண்டாம், நீங்களே போதும். கம்ப்யூட்டர் தெரியத் தேவையில்லை. அந்த வீடு உங்களுக்குத் தெரியும்.

வாசல் வடக்கே பார்த்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் முதலில் வெயிலைப் பாருங்கள். மகள் பாவிப்பது ஸ்கெச்அப் என்ற வீடு வரையும் சொப்ட்வெயர் என்றால், இடத்தை மாற்றாதவரை அது வீட்டை அமெரிக்காவின் கொலராடோவில், போல்டர் என்ற ஊரில் வைத்திருக்கும். அது பூமத்திய ரேகைக்கு வடக்கே 40 பாகையில் இருக்கும் ஊர். அங்கே வருடம் முழுக்க நண்பகல் வெயில் தெற்கிலிருந்துதான் விழும். களுவாஞ்சிகுடி இருப்பது ஏழரைப் பாகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம்வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். முற்றத்தில் உடுப்புக் காயப்போடுகிற உங்களுக்கு இது தெரியும், சொப்ட்வெயருக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். ஜூன் மாத நண்பகலில் சூரியன் 74 பாகை உயரத்தில் நிற்கும்போது, இரண்டு அடி வெளியே நீண்ட தாழ்வாரம் கிட்டத்தட்ட ஏழு அடி சுவரை நிழலில் வைத்திருக்கும். மாமா கேட்ட, பெட்டி மாதிரியான 'பொக்ஸ்' வீட்டில் அந்தத் தாழ்வாரமே இல்லை. ஆகவே இடத்தைச் சரியாகப் போட்டு ஜூன் மாதப் படம் ஒன்று எடுத்தால், முன்சுவர் முழுக்க வெயிலில் கிடப்பதை மாமாவே பார்ப்பார். மார்கழி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அதே சுவர்தான் நனையும், பிறகு பாசி பிடித்துக் கறுக்கும். எனக்கு இந்த பொக்ஸ் வீட்டு மோகம் அவ்வளவு பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, நிற்கும் இடம். ஒழுங்கையில் நின்று நீங்கள் அந்த வீட்டைப் பார்த்தால் கண் தரையிலிருந்து ஐந்து, ஐந்தேகால் அடியில் இருக்கும். படமும் அங்கிருந்துதான் தெரிய வேண்டும். பறவைபோல் மேலிருந்து எடுத்த படத்தில் எந்த வீடும் பொம்மைதான். சுவரின் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போகச் சரியக்கூடாது. ஒழுங்கை ஒடுக்கம் என்று கமராவின் கோணத்தை அளவுக்குமீறி அகட்டினால் பத்துப் பேர்ச் வளவு ஒரு ஏக்கர் மாதிரி விரியும். மாமா வந்து இறங்கும்போது ஏமாந்துபோவார்.

பிறகு மரங்கள். இந்தச் சொப்ட்வெயர்களோடு வரும் மரங்களில் பாதி குளிர்நாட்டு மரங்கள். வாசலில் மேப்பிள் மரம் நின்றால் அந்தப் படத்தை அப்படியே திருப்பிக் கொடுங்கள். தென்னை, வேம்பு, மதிலோரத்துச் செவ்வரத்தை எல்லாம் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்க வேண்டும். முன்னால் இருக்கும் மின்கம்பம், வயர், தண்ணி டாங்கி எல்லாம் படத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு கல்முனைப் பெடியன், வடிவைக் கெடுக்கிறது என்று மின்கம்பத்தை அழித்துவிட்டுப் படம் கொடுத்தான். வீட்டுக்காரர் அந்தப் படத்தை நம்பி, கேற்றைச் சரியாகக் கம்பத்துக்கு நேரே வைத்துவிட்டார். கம்பத்தை மாற்றக் காசு கட்டியவர் பிறகு அவனிடம் வேலை கொடுக்கவில்லை.

நுணுக்கமான விஷயங்களும் உண்டு. அசல் வீட்டில் எந்த மூலையும் பிளேட் மாதிரிக் கூராக இருக்காது. இரண்டு மூன்று மில்லிமீற்றராவது மழுங்கியிருக்கும், அந்த மழுங்கலில்தான் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக விழும். ஓட்டின் அளவு அசல் ஓட்டின் அளவாக இருக்க வேண்டும். ஒரே கறை ஐந்து இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கண் உடனே பிடித்துவிடும். இவையெல்லாம் பழகப்பழக வரும். முதலில் பழைய வீட்டை அளவு நாடா வைத்து அளக்கட்டும். அறையின் மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் எல்லா மூலையும் சரியான செங்கோணமாக இருப்பதில்லை. ஒழுங்கையில் ஒரு இடத்தைக் குறித்துவைத்து அங்கிருந்து போட்டோ எடுத்து, புதிய படத்தையும் அதே இடத்திலிருந்து எடுக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாமாவுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். மேல்மாடி, தூணில்லாமல் வெளியே நீளும் பல்கனி, உடைத்தெடுத்த நடுச்சுவர் இவற்றை மகள் படத்தில் போடலாம். ஆனால் பழைய அத்திவாரம் அதைத் தாங்குமா, அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறதா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் அந்தப் படம் மேசன் கைக்குப் போகக்கூடாது. பிரதேச சபையில் அனுமதி எடுக்கவும் இந்தப் படம் செல்லாது, அதற்கு முறையான பிளான் வேண்டும்.

இதனால்தான் வெறும் ரெண்டர் கோர்ஸ் ஒன்றுக்கு முழுக் காசையும் கட்டாதீர்கள் என்கிறேன். பொத்தான்களை மகள் ஏற்கனவே தானாகப் படித்துவிட்டாள். அவளுக்குத் தேவை கட்டட அறிவு. பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, தொழில்நுட்பப் பிரிவுக்குத் திறந்திருக்கும் பட்டப்படிப்புகளைப் பார்ப்போம். அது சரிவராவிட்டால் படவரைஞர், அதாவது பிளான் வரைபவர், பயிற்சி நல்ல வழி. என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமையில் நான்காம் மட்டத்தில் தொடங்கி, ஐந்து, ஆறு என டிப்ளோமாக்களைத் தாண்டி ஏழில் பட்டம்வரை ஏறலாம். எங்கே, எப்போது ஆட்கள் எடுக்கிறார்கள் என்று மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலும், தொழிற்பயிற்சி கொடுக்கும் அரச நிறுவனமான நைட்டாவிலும் நேரில் போய்க் கேளுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை ஐந்து வருடப் படிப்பு, அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பதிவு இல்லாமல் 'ஆர்க்கிடெக்ட்' என்று தன் பெயருக்குப் பின்னால் போட சட்டம் விடாது. முகநூலில் பக்கம் தொடங்கும் பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

புது லப்டொப்புக்கு நகை அடகு வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். படம் செய்யவும் ரெண்டர் எடுக்கவும் உள்ள பிளெண்டர் என்ற சொப்ட்வெயர் இலவசம், எவ்வளவு உழைத்தாலும் இலவசம்தான். அது கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினிலும் ஓடும், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். லூமியன் போன்ற ரெண்டர் சொப்ட்வெயர்களுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் சரிவராது. முதல் மூன்று வேலைக்கு வெளி ஆட்களிடம் காசு வாங்கட்டும், பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம். களவு சொப்ட்வெயர் பென்டிரைவில் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள், வைரஸும் சேர்ந்து வரும்.

இன்னொன்று. மாமா இதுவரை எத்தனை தரம் நிறத்தை மாற்றச் சொன்னார்? பதினொரு தரம் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தம்தான், ஆனாலும் அடுத்த படத்துக்கு முன்பு மகள் வட்ஸ்அப்பில் எழுதட்டும்: இவ்வளவு காசு, பாதி முன்பணம், இரண்டு தரம் திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கணக்கு. எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தால் நீங்கள் எழுதுங்கள். அக்கா கேட்டால் தம்பி மறுக்கமாட்டார்.

பெறுபேறு வந்த கிழமையே மகளோடு வாருங்கள். பழைய வீட்டுப் போட்டோவையும், இடத்தைத் திருத்தி எடுத்த ஜூன் மாதப் படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.