சதையோடு சளியும் லேபுக்குப் போக வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு வயது 24. மூக்கில் சதை வளர்ந்து இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. பயாப்சியில் சாதாரண பாலிப் என்றே வந்தது. இப்போது இடதுபக்கம் மறுபடி அடைப்பு. புது டாக்டர் பூஞ்சை அலர்ஜி என்று சந்தேகப்படுகிறார். கருப்புப் பூஞ்சையோ என்று பயமாக இருக்கிறது. எந்த டெஸ்டில் உறுதியாகத் தெரியும்?

பதில்: 2021-இல் பரவலாகப் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை, பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வருவது. திசுவை அரித்துக்கொண்டு நாள்கணக்கில் முற்றிவிடும். உங்கள் டாக்டர் சொல்வது அதுவல்ல. சைனஸுக்குள் தங்கிய பூஞ்சைக்கு உடல் காட்டும் அலர்ஜி. இதில் பூஞ்சை திசுவுக்குள் நுழைவதில்லை.

ஒரே டெஸ்டில் முடிவு கிடைக்காது. பென்ட், குன் என்ற மருத்துவர்கள் 1994-இல் வகுத்த ஐந்து அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: பூஞ்சை அலர்ஜி, பாலிப், சி.டி. ஸ்கேனில் தெரியும் மாற்றம், இயோசினோபில் (அலர்ஜியில் பெருகும் ஒருவகை வெள்ளணு) நிறைந்த கெட்டிச் சளி, அந்தச் சளியில் பூஞ்சை.

கோட்டை விடுவது பெரும்பாலும் சளியில்தான். பச்சையும் பழுப்புமாகப் பசைபோல் ஒட்டும் அதை ஆபரேஷனில் உறிஞ்சி எறிந்துவிட்டால், லேபுக்குப் போவது சதை மட்டுமே. ரிப்போர்ட்டும் 'பாலிப்' என்றே வரும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: சளியில் ஒரு பகுதி பார்மலினில் பயாப்சிக்கும், இன்னொரு பகுதி சலைனில் (உப்புநீரில்) பூஞ்சை கல்ச்சருக்கும், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டுக்கும் போக வேண்டும். பார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சரில் வளராது. பூஞ்சை இழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருக்கும் என்பதால், என்ன சந்தேகம் என்று லேபுக்கு எழுதி அனுப்புவது மிக அவசியம். அப்போதுதான் பூஞ்சையை எடுத்துக்காட்டும் சில்வர் ஸ்டெயின் என்ற சாயம் போட்டுத் தேடுவார்கள். கல்ச்சர் நெகட்டிவ் என்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. ஆரோக்கியமான மூக்கிலும் பூஞ்சை இருக்கலாம் என்பதால் பாசிட்டிவ் மட்டும் போதவும் போதாது.

ஸ்கேனில் முதலில் சி.டி. போதும். அடைத்த சைனஸுக்குள் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிவதும் எலும்பு மெலிந்து விரிவதும் முக்கியமான தடயம். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தால், இதே சளி கருப்பாகத் தெரிந்து வெறும் காற்று என்று ஏமாற்றக்கூடும்.

ரத்தத்தில் மொத்த ஐஜிஇ (அலர்ஜியில் கூடும் எதிர்ப்புப் புரதம்), பூஞ்சைக்கான ஐஜிஇ இரண்டும் பாருங்கள். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டாலும் இவை மாறாது. தோல் டெஸ்ட் என்றால் டாக்டரைக் கேட்டுச் சில நாள் நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருந்தால் மறைக்காதீர்கள்.

பழைய ஆபரேஷனின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) அந்த லேபில் இன்னும் இருக்கலாம். கேட்டு வாங்கி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இடையில் கண் பிதுங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.