எரியும் தோலுக்கு எதைப் பூசுவது? கேள்வி பதில்

மட்டக்களப்பு டவுனில் பாமசிக் கவுண்டரில் பல வருடமாக நிற்கிறேன். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் முகம் காய்கிறது, எரிகிறது என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். படம் அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், படத்தைப் பார்த்து நோய் சொல்வது வைத்தியரின் வேலை. பூசுகிற பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: எதைப் போட்டுக் கழுவினாலும் முகம் இழுத்துப் பிடித்து எரிகிறது அக்கா. வாசமில்லாத சவர்க்காரமாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

தங்கச்சி, வாசம் இல்லாவிட்டாலும் சவர்க்காரம் சவர்க்காரம்தான். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலம், காரம் அளக்கும் பிஎச் அளவில் 5க்குக் கிட்ட வரும் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). கட்டிச் சவர்க்காரம் பெரும்பாலும் 9, 10 என்று நிற்கும். அழுக்கோடு சேர்த்துத் தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பையும் அது எடுத்துப் போகிறது, அந்த இழுப்பு அதனால்தான். சவர்க்காரம் கலக்காத கிளென்சர் என்று கேட்டு வாங்குங்கள். இரவில் ஒரு தரம் போதும், காலையில் வெறும் தண்ணீர்.

இன்னொன்று. கவுண்டருக்கு வருகிற பலர் மூடியைத் திறந்து மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, மணக்கவில்லை, இது நல்லது என்று காசை எடுக்கிறார்கள். மூலப்பொருளின் நாற்றத்தை அமுக்குவதற்கென்றே வாசனைச் சேர்மானம் போட்ட பொருளும் மணக்காது! போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பிராக்ரன்ஸ், பர்ஃபம், லினலூல், லிமொனின் என்று வாசனைப் பொருட்களின் பெயர் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். நுரைக்கப் போடும் சோடியம் லோரில் சல்பேட்டும் வேண்டாம், தோலுக்கு எரிச்சல் உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் வேண்டுமென்றே பூசுவது அதைத்தான். மெதைல்ஐசோதயசோலினோன் என்று ஒரு நீளப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழுதாகாமல் இருக்கப் போடுவது, ஒவ்வாமை கொடுப்பதில் பேர்போனது. பூசிவிட்டுக் கழுவாமல் விடும் கிறீம்களில் அதைப் போடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடுத்தேவிட்டது. முன்பக்கத்தில் 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை குறைவு, என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீம் ஒரு கிழமையிலேயே நல்லா வேலை செய்தது. இப்போது ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் சிவந்து கொதிக்கிறது. விடவும் முடியவில்லை.

இதைப் படித்தபோது உண்மையிலேயே கவலையாகிவிட்டது. ஒரு கிழமையில் முகத்தை மாற்றுகிற கிறீமில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும், இல்லாவிட்டால் பாதரசம். ஸ்டீரொயிட் தோலை மெலிய வைக்கும், விட்டவுடன் சிவந்து எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து திரும்பவும் பூசுவோம், இப்படியே மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். பாதரசம் அதைவிட மோசம், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அம்மாவின் முகத்திலிருந்தும் கையிலிருந்தும் பிள்ளைக்கும் ஒட்டும். இன்றோடு அதை நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் வைத்தியரிடம் போங்கள், எதைப் பூசினீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நிறுத்தியதும் முகம் இன்னும் மோசமாகும், கிறீம் நல்லதாக இருந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இடையில் வேறு அழகுக் கிறீம் எதுவும் வேண்டாம், வாசனையில்லாத பெற்றோலியம் ஜெலி மெல்லிசாகப் பூசலாம்.

காத்தான்குடியிலிருந்து: பெருநாளைக்குப் போட்ட கறுப்பு மருதோன்றி கோலத்தின்படியே கொப்பளித்துவிட்டது. மருதோன்றியே ஒத்துக்கொள்ளாதா?

இலையில் அரைத்த மருதோன்றி கறுப்பாகப் பிடிக்காது, செம்மஞ்சளில் தொடங்கிக் கபிலமாகும், அதற்கும் பல மணித்தியாலம் வேண்டும். கொஞ்ச நேரத்தில் கறுத்தால் அதில் பிபிடி என்ற தலைமுடிச் சாயம் கலந்திருக்க வேண்டும். பிபிடிக்கு ஒரு தரம் ஒவ்வாமை வந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், நாளைக்கு நரைக்கு டை அடித்தால் தலையும் முகமும் வீங்கலாம். கொப்பளத்தை உடைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள், டை வாங்கும்போது பிபிடி இருக்கிறதா என்று இனி எப்போதும் கேளுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: 8 மாதப் பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, கன்னமெல்லாம் வறண்டு சொறி. தேங்காய் எண்ணெய் பூசலாமா?

எரியாவிட்டால் பூசலாம், ஒலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது தோலின் காப்பைக் குறைக்கும். எண்ணெயைவிட நேரம்தான் முக்கியம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் 5, 10 நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் காயுமுன்னே கனமான கிறீமை அள்ளிப் பூசுங்கள். 'பேபி' என்று பெயர் போட்ட பல பொருட்களில்தான் வாசனை கூடுதல். பவுடரும் வேண்டாம், பிள்ளை மூச்சோடு இழுக்கும். தோல் கசிந்தால், மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

கல்முனையிலிருந்து: ஓட்டோ ஓட்டுறன் அக்கா. வெயிலுக்குச் சன்கிறீம் போட்டால் வேர்வையோடு கண்ணுக்குள் போய் எரியுது.

தம்பி, சிங்க் ஒக்சைட் உள்ளதாக எடுங்கள், அது பெரும்பாலும் கண்ணை எரிக்காது, முகம் கொஞ்சம் வெளிறித் தெரியும், அவ்வளவுதான். டப்பாவில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கும் வெயில் காப்பு அளவு 30 போதும், தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் 97 வீதமளவுக்கு மறிக்கும், 50 என்றாலும் 98தான். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், பொட்டளவு பூசினால் பிரயோசனமில்லை. வேர்த்தால் திரும்பவும் பூசுங்கள். கைக்கு நீளக்கைச் சட்டை போதும்.

ஏறாவூரிலிருந்து: தேசிக்காய், மஞ்சள், கற்றாழை?

தேசிக்காய் வேண்டவே வேண்டாம், அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துவிடும். மஞ்சளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கற்றாழை பூசுவதென்றால் வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்சதையை மட்டும் எடுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: புதுசாக வாங்கினால் ஒத்துக்கொள்ளுமா என்று எப்படிப் பார்ப்பது?

முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் பூசுங்கள், ஒவ்வாமை முதல் நாளே காட்டாது. கழுவும் பொருளென்றால் அதே இடத்தில் பூசி 5 நிமிடத்தில் கழுவிவிடுங்கள். ஒன்றைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்தது. சிவந்தால், கடித்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். எதைப் பூசிய பிறகும் உதடு, கண்ணிமை வீங்கி மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம், 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.