சிறுநீரக மாற்றுக்கு எப்படி ஒப்புதல் தருகிறார்கள்?

அப்பா டயாலிசிஸில் இருக்கிறார், அம்மா சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறார், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தவள்.

அப்பாவின் இதயம் அறுவை சிகிச்சையைத் தாங்குமா, உடலில் தொற்றோ புற்றுநோயோ ஒளிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அப்போது சின்னத் தொற்றும் பெரிதாகிவிடும். தம்பிக்கு எக்கோ என்னும் இதய ஸ்கேன், காசநோய்ப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தும், இரண்டு சொத்தைப் பற்களைப் பிடுங்கிப் புண் ஆறும்வரை காத்திருக்க வைத்தார்கள்.

பிறகு இரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், கிராஸ்மேட்ச். கொடுப்பவரின் வெள்ளணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் பெறுபவரின் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே கிராஸ்மேட்ச். அந்த முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. இரத்தம் ஏற்றினாலே அத்தகைய எதிர்ப்பொருள்கள் உருவாகக்கூடும். அப்பாவுக்கு இரத்தம் ஏற்றச் சொன்னால், தவிர்க்க வழியுண்டா என்று சிறுநீரக மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். இரத்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். இதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்தோடு கொடையாளரை மாற்றிக்கொள்ள இந்திய உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இடம் தருகிறது.

உங்கள் கேள்வியில் அம்மாவின் உடல்நிலை பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரையும் அதே அளவு சோதிப்பார்கள், சோதிக்கவும் வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரக இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம், இரு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேன். இரண்டில் நன்றாக இயங்குவதைக் கொடுப்பவரிடமே விட்டுவிடுவார்கள்.

1994இல் வந்த அந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன் மனைவி நெருங்கிய உறவு. திருமணச் சான்று, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றில் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். எங்களுக்கு அதில்தான் நாட்கள் போயின. நெருங்கிய உறவல்லாதவர் கொடுத்தால் இதற்கென்றே சட்டப்படி அமைத்த அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும்.

கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், சிறுநீரகம் பெறுபவரல்லாத வேறொருவர் அவர் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன அச்சட்டத்தின் 2014 விதிகள். என்னை ஒரு பெண் மருத்துவர் தனியே அழைத்து, "வேண்டாமென்றால் இப்போதே சொல்லுங்கள், வீட்டில் மருத்துவக் காரணம் என்றே சொல்லிவிடுகிறோம்" என்றார். அதுவரை வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. மனதாரக் கொடுக்கிறேன் என்றேன். உங்கள் அம்மாவை மருத்துவமனை கேட்கும் முன், அப்பா அருகில் இல்லாத நேரத்தில் நீங்கள் ஒருமுறை கேளுங்கள்.