அடுப்பை அணைக்க மறந்துபோகும் அம்மாவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

மலேசியாவில் ஆயர் ஈத்தாமில் தரைவீடு, சமையல் பின்பக்க வெட் கிச்சனில் (எண்ணெய், புகைச் சமையலுக்கான தனிச் சமையலறை), பகலில் அம்மா தனியாக இருக்கிறார், இரண்டு முறை பாத்திரம் கருகிவிட்டது, 'அடுப்பை அணைக்கவும்' என்று எழுதி ஒட்டியும் பயனில்லை என்கிறீர்கள்.

தாள் உதவாததில் வியப்பில்லை. ஹாலுக்கு வந்து உட்கார்ந்து போனை எடுத்த பிறகுதான் அடுப்பு மறந்துபோகிறது. தாளோ சமையலறைச் சுவரில் இருக்கிறது. ஞாபகப்படுத்தும் பொருள் அம்மாவோடு கூடவே போக வேண்டும். அதையும் மீறி மறந்தால் அடுப்பு தானாக நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் காசு செலவழிக்க வேண்டும்.

முதலாவதற்குச் சாதாரண சமையல் டைமர் போதும். போன் அலாரம் வேண்டாம்: சைலண்டில் கிடக்கும், இல்லையென்றால் சரியாக அந்த நேரத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வரும். டைமரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். டைமரை ஓடவிட்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பது என்று பழக்குங்கள். பற்றவைத்துவிட்டால் கை வேறு வேலைக்குப் போய்விடும். குழம்பு வேக நாற்பது நிமிடம் ஆகும் என்று நாற்பது வைக்காதீர்கள். பத்துப் பத்து நிமிடமாக வைத்து, ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பார்க்கட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

எண்ணெய் காயும்போது டைமரையும் நம்பக்கூடாது. இங்கே வீடுகளில் இருக்கும் பெரிய பர்னர் 4 கிலோவாட் அளவுக்குச் சூடு தரும். குவாலியில் (வாணலியில்) அரை லிட்டர் எண்ணெயை வைத்துத் தீயை முழுதாகத் திறந்துவிட்டால், பத்து நிமிடத்துக்குள் அது தானாகத் தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போய்விடலாம். பாமாயில் சுமார் 220 டிகிரியில் புகைய ஆரம்பிக்கும், 350 டிகிரியைத் தாண்டினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதனால் அப்பளமோ மீனோ பொரிக்கும்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். இதில் விதிவிலக்கே வைக்காதீர்கள்.

தண்ணீர் இருக்கும் பாத்திரம் கொஞ்சம் அவகாசம் தரும். 2 லிட்டர் தண்ணீர் பெரிய தீயில் ஒரு மணி நேரத்துக்குள் வற்றிவிடும், சிறு தீயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வற்றிய பிறகு அலுமினியப் பாத்திரம்தான் மோசம், 660 டிகிரியில் உருகி பர்னர்மேல் ஒழுகும். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பித்து நச்சுப்புகை விடும். வீட்டில் கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்த்தால் அந்தப் புகையே அவற்றைக் கொன்றுவிடும். பிரஷர் குக்கர் வற்றினால் ரப்பர் வளையம் கருகும், சேஃப்டி வால்வு உருகித் திறக்கும். அப்படி ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஆற விடுங்கள். மூடியைத் திறக்கவோ குழாயடியில் நீட்டவோ வேண்டாம்.

'சேஃப்டி அடுப்பு' என்று கடையில் சொல்வதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பர்னர் ஓரத்தில் நிற்கும் சிறு உலோகக் குச்சி, தீ அணைந்தால் கேஸை நிறுத்தும். பால் பொங்கித் தீ அவிந்தால் அது காப்பாற்றும். பாத்திரம் வற்றினால் தீ நன்றாக எரிந்துகொண்டுதானே இருக்கிறது? அந்தக் குச்சி எதுவும் செய்யாது. உங்கள் பிரச்சினைக்கு வேண்டியது பர்னரின் நடுவில் ஸ்பிரிங்கோடு எழும்பி நின்று பாத்திரத்தின் அடியைத் தொடும் சென்சார். சுமார் 250 டிகிரியில் அது தீயைக் குறைக்கும், பிறகு அணைக்கும். ஜப்பானில் 2008 அக்டோபர் முதல், தூக்கிச் செல்லும் ஒற்றை அடுப்பு தவிர மற்ற வீட்டு கேஸ் அடுப்புகளின் எல்லா பர்னருக்கும் இது கட்டாயம். கடையில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், குறித்த நேரத்தில் கேஸை மூடும் டைமர் உள்ள அடுப்பைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நேரம் பிடிக்கும் சமையலைக் கேஸிலிருந்து எடுத்துவிடுவதுதான் என் முதல் சிபாரிசு. பாத்திரங்கள் கருகுவது பெரும்பாலும் பருப்பு, கடலை, கஞ்சி, கறி போன்றவற்றில்தான். இவற்றை மின்சார பிரஷர் குக்கரில் போட்டுவிட்டால் வெந்ததும் அதுவே நின்றுவிடும். அம்மா ரைஸ் குக்கர் பழகியவர் என்றால் இதுவும் பிடிபடும். பொத்தான் நிறைய இல்லாத மாதிரியாக வாங்கி, அவர் அழுத்த வேண்டிய ஒரே பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

தண்ணீர், பால், டீக்கு இண்டக்‌ஷன் நல்லது. ஆனால் தானாக நின்றுவிடும் என்று அதையும் விட்டுவிடக்கூடாது: பல மாதிரிகள் நேரம் வைக்காவிட்டால் இரண்டு மணி நேரம்கூட ஓடும். டைமரை அழுத்தியே ஆக வேண்டும். 2,000 வாட் அடுப்பு என்றால் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் இதில் சூடாகாது. அலுமினியம், பித்தளை, மண்சட்டி எல்லாம் அந்த வகை. எவர்சில்வரிலும் சில ஒட்டாது, காந்தத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வெட் கிச்சனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணெய் வாடை வராமலிருக்க இடைக்கதவைச் சாத்தி, ரூமில் ஏர்கோன் போட்டுப் படுத்துவிட்டால், கருகும் வாசனையும் வராது, சத்தமும் கேட்காது. அடுப்பு எரியும்போது அந்தக் கதவு திறந்திருக்கட்டும். தாளிக்கும் இடத்தில் புகை அலாரம் வைத்தால் தினமும் கத்தும், ஒரு வாரத்தில் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிடுவார். சமையலறைக்குள் சூட்டை உணரும் அலாரம், கதவுக்கு வெளியே ஹாலில் புகையை ஒளியால் உணரும் ஒளிமின் (photoelectric) வகைப் புகை அலாரம் என்று மாட்டுங்கள். ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கும்படி இணைக்கக்கூடியதாக வாங்கி, மூன்றாவதைப் படுக்கையறையில் வையுங்கள்.

மறதி அண்மையில் திடீரென்று கூடியிருந்தால் டாக்டரிடமும் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம். நீங்கள் வேலைக்குப் போகும்போது கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) ரெகுலேட்டரை மூடிவிட்டு, பகலுக்கு மின்சார அடுப்பை மட்டும் விடுவதும் ஒரு வழி. அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுப்பு கெட்டுவிட்டதென்று பக்கத்து வீட்டைக் கூப்பிடுவார்.

குவாலியில் தீப்பிடித்தால் செய்ய வேண்டியதை அவருக்கு ஒருமுறை செய்தே காட்டுங்கள். கை எட்டினால் கேஸை மூடுவது, பெரிய மூடியைத் தன் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளி மூடுவது, அரை மணி நேரமாவது திறக்காமல் இருப்பது. தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியடிக்கும். குவாலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. மூட முடியாத தீ என்றால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் 999-க்கு அழைக்க வேண்டும். கிரில் (இரும்புக் கம்பிக் கதவு) பூட்டியிருக்கும் வீடு என்றால், சாவி உள்பக்கம் வாசலருகே, அம்மா கைக்கு எட்டும் ஆணியிலேயே தொங்கட்டும், கைப்பைக்குள் வேண்டாம்.