அப்பாவின் சைக்கிளுக்கு ரேடியோ கருவி வாங்கலாமா?

கேள்வி: காரும் சைக்கிளும் ரேடியோவில் பேசிக்கொண்டு விபத்தைத் தவிர்க்கும் என்று படித்தேன். அப்பாவுக்கு 68 வயது. விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஹைவேயைக் கடந்துதான் சைக்கிளில் போகிறார். அவருக்கு அப்படி ஒரு கருவி வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. அந்த ரோட்டில் வரும் லாரியிலும் அதைக் கேட்கிற கருவி இருந்தால்தான் அப்பாவின் கருவிக்கு வேலை.

ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விநாடிக்கு 10 முறை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் என்பதுதான் ஏற்பாடு. நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வருகிறவரைக் கேமரா பார்க்காது, ரேடியோ சொல்லிவிடும். நல்ல யோசனைதான். அமெரிக்காவில் 1999லேயே இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கினார்கள். பெரிதாக யாரும் பயன்படுத்தாததால் 2020ல் அதில் 45ஐ வைஃபைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, கையில் இருக்கிற செல்போனே பேசினால் என்ன? நேற்று எங்கள் தெரு டீக்கடை வாசலில் நின்று மேப்பைத் திறந்தேன். எதிர்ச்சாரி மருந்துக்கடைக்குள் நான் இருப்பதாக நீலப் புள்ளி காட்டியது. இரண்டு கடைக்கும் நடுவில்தான் ரோடு! நான் ஓரத்தில் நிற்கிறேனா, நடுவில் நிற்கிறேனா என்று தெரியாத போனை நம்பி ஒரு கார் எப்படிப் பிரேக் போடும்?

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலம் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண் மீது, தானாக ஓடும் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டிருந்தது. வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டே வந்தது. கோடு போடாத இடத்திலும் மனிதர்கள் குறுக்கே நடப்பார்கள் என்று அதற்குச் சொல்லித் தரவே இல்லை. இதற்குப் பிறகும் நடந்து போகிறவர்தான் கருவி வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜப்பானில் டொயோட்டா 2015லிருந்து தரும் வசதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த ஏற்பாடு உள்ள சந்திப்புகளில், நடப்பவரைச் சாலையோர சென்சார் பார்த்து, வலது பக்கம் திரும்பும் காருக்கு 760 மெகாஹெர்ட்ஸில் சொல்கிறது. நடப்பவர் வெறுங்கையோடு போகலாம்.

அப்பாவுக்கு ஒரு சிவப்புப் பின்விளக்கு வாங்குங்கள். அப்புறம், கேனை மாட்டிய பிறகு இருபது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். விளக்கைக் கேன் மறைத்தால், கேன் மேலேயே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.