தூண்டில் கேள்வி பதில்: மெல்லிய நரம்பில் பெரிய கெளுத்தி

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கெளுத்தியைப் பற்றியவை. அதிலும் விலை குறைந்த கம்பு, ரீல் வைத்திருப்பவர்கள் கேட்டவையே அதிகம்.

கேள்வி (ஈசூன் வாசகர்): 40 வெள்ளிக்குக் கம்பும் ரீலும் சேர்ந்த செட் வாங்கினேன். ஆறரை அடிக் கம்பு, 3000 அளவு ரீல், 12 பவுண்டு தங்கூசி நரம்பு. கட்டணக் குளத்தில் பெரிய பாத்தின் கெளுத்தி கடித்தால் இரண்டே நொடியில் நரம்பு அறுந்துவிடுகிறது. இதைவிடத் தடித்த கம்பு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் சாமான் போதும், டிராக்கைத்தான், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இழுப்பில் நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் பிடியைத்தான், சரிசெய்ய வேண்டும். 12 பவுண்டு நரம்பு கிட்டத்தட்ட 5.4 கிலோ இழுப்பில் அறும். ஆனால் முடிச்சு, சிராய்ப்பு, மீனின் திடீர் வெட்டு எல்லாம் அந்தக் கணக்கைக் குறைத்துவிடும். அதனால் டிராக்கை நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வைக்க வேண்டும். உங்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ.

அளக்கத் தராசு தேவையில்லை. ஒன்றரை லிட்டர் போத்தல் நிறையத் தண்ணீர் பிடித்து, நரம்பின் நுனியை அதன் கழுத்தில் கட்டுங்கள். கம்பை 45 பாகைக்கு மேல் போகாமல் மெதுவாகத் தூக்குங்கள். போத்தல் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ரீல் நரம்பை விடத் தொடங்க வேண்டும். விடாமல் போத்தல் மேலே வந்தால் ரீலின் டிராக் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். போத்தல் அசையவே இல்லையென்றால் கொஞ்சம் இறுக்குங்கள்.

அப்போது கம்பின் நுனியையும் கவனியுங்கள். நரம்பு ஒரே சீராகப் போனால் நல்லது. நுனி குதித்துக் குதித்து, விட்டு விட்டு நரம்பு போனால் அங்கேதான் உங்கள் வில்லன் இருக்கிறான். விலை குறைந்த ரீல்களில் டிராக் வளையம் பெரும்பாலும் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட்டால் ஆனது. அது காய்ந்தால் முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு வெடுக்கென்று விடும். அந்த ஒரு கணத்தில்தான் நரம்பு அறுகிறது. திருகைக் கழற்றி, நரம்புச் சுருளை எடுத்து, உள்ளே இருக்கும் கம்பி வளையத்தை நெம்பினால் தகடுகளும் ஃபெல்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வந்த வரிசை மாறாமல் துணியில் பரப்பி, துடைத்து, டிராக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். சமையல் எண்ணெயும் துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் திருகை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஃபெல்ட் நசுங்கிப் போகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மீன் ஓட ஓடச் சுருளின் விட்டம் சுருங்கும், டிராக்கின் பிடி தானாகவே ஏறும். விட்டம் பாதியானால் பிடி இரு மடங்கு. நீரில் கிடக்கும் நீள நரம்பின் இழுவை வேறு சேரும். மீன் தூரம் போகும்போது பயத்தில் எல்லோரும் திருகை இறுக்குகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: கால் சுற்றுத் தளர்த்துங்கள். கூடுதல் பிடி தேவைப்பட்டால் விரலைச் சுருளின் விளிம்பில் லேசாக வைத்தால் போதும், வேண்டாதபோது உடனே எடுத்துவிடலாம்.

மீன் நின்றதும் கம்பை நிதானமாக உயர்த்துங்கள், தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். நேர் செங்குத்தாக நிறுத்தினால் நுனி முறியும். மீன் இடப்பக்கம் போனால் கம்பை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி வலப்பக்கம் இழுங்கள். தலை திரும்பிய மீன் சீக்கிரம் களைக்கும். கரை அருகே கைவலையைக் கண்டதும் பாத்தின் இன்னொரு முறை பாயும், அதற்கு இடம் கொடுங்கள். தலைப்பக்கமாக வலைக்குள் விடுங்கள், நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): ஒரு பெரிய மீனோடு போராடிய பிறகு நரம்பு சுருண்டு சுருண்டு சிக்கலாகிவிட்டது. மலிவு நரம்பு என்பதாலா?

பதில்: இல்லை. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது நீங்கள் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறீர்கள். ரீலின் விகிதம் 5:1 என்றால், கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும், ஒரு அடி நரம்பும் உள்ளே வராது. டிராக் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை கைப்பிடியில் கை அசையக்கூடாது. முறுக்கேறிய நரம்பை முள், ஈயம் எதுவும் இல்லாமல் புல்தரையில் நீளமாக விரித்து, ஈரத்துணியால் பிடித்தபடி சுற்றியெடுங்கள். நுனிப்பகுதி மோசமாக இருந்தால் 20 மீட்டர் வெட்டிப் போடத் தயங்காதீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஜொகூர் நீரிணைப் பக்கம் இரவில் செம்பிலாங் கெளுத்தியைக் குறிவைக்கிறேன். கடி தெரிகிறது, கம்பை வெடுக்கென்று வெட்டி இழுத்தால் முள் வெறுமையாக வருகிறது. சில முறை முள்ளே போய்விடுகிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு பிரச்சினை. வெறுமையாக வருவது, நீங்கள் வெட்டி இழுப்பதால். 2/0 அல்லது 3/0 அளவில், கூர் உள்நோக்கி வளைந்த வட்டமுள் போடுங்கள், அதன் கூர் இரைக்குள் புதையாமல் வெளியே தெரியட்டும். கடித்ததும் எதுவும் செய்யாமல் நரம்பு விறைக்கும்வரை பொறுத்து, சாதாரணமாகச் சுற்றத் தொடங்குங்கள். வட்டமுள் தானாகத் திரும்பி வாயோரத்தில் ஏறும்.

முள் போவது உராய்வால். கெளுத்தியின் வாய் உப்புத்தாள் போல் சொரசொரப்பானது, படகுத்துறைத் தூண்களில் சிப்பி வேறு. 40 பவுண்டு லீடர் (முள்ளைக் கட்டும் தடித்த நரம்புத் துண்டு) 60 சென்டிமீட்டர் போதும், சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) வழியாக உங்கள் மெல்லிய நரம்போடு இணையுங்கள். சுவிவலுக்கு மேலே ஒரு பாசிமணி, அதற்கு மேலே நகரும் ஈயம் 15 முதல் 20 கிராம். மணி இல்லாவிட்டால் ஈயம் முடிச்சை இடித்துக்கொண்டே இருக்கும். முடிச்சை எச்சிலால் நனைத்தபின் இறுக்குங்கள், உலர்ந்து இறுகினால் உராய்வுச் சூட்டில் நைலான் பலம் குன்றும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். நெருடினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): செம்பிலாங் குத்தினால் என்ன செய்வது?

பதில்: முதுகில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் இரண்டு என மூன்று நச்சு முட்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும். குத்திய இடத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 பாகை செல்சியசை மிஞ்சாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கை மரத்திருந்தால் வெந்துபோவது தெரியாது. முள்துண்டு உள்ளே தங்கலாம் என்பதால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். மீனை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள், நீளமூக்குக் குறடு பையில் இருக்கட்டும். மீன் தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் லீடரை வெட்டிவிடுங்கள்.

கேள்வி (பிடோக்): நீர்த்தேக்கத்தில் இறால் போட்டுக் கெளுத்தி பிடிக்கலாமா?

பதில்: கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்த்தேக்கங்களில், அனுமதித்த இடங்களில், செயற்கை இரை மட்டும்தான். மோப்பத்தால் இரை தேடும் மீனுக்கு அது பெரிய தடை. பெரிய கெளுத்திதான் வேண்டுமென்றால் கட்டணக் குளமோ, மீன்பிடிக்க அனுமதியுள்ள கடலோரமோ போங்கள்.

கேள்வி (செங்காங் வாசகி): கானாங்கெளுத்தியும் கெளுத்திதானே? அதையே இரையாகப் போடலாமா?

பதில்: பெயரில்தான் கெளுத்தி. ஈரச்சந்தையில் கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்திக்கு மீசையும் இல்லை, நச்சு முள்ளும் இல்லை. அது வேறு குடும்பம். எண்ணெய்ச் சத்து நிறைந்த மீன் என்பதால் செம்பிலாங்குக்கு அருமையான இரை. சதை மென்மையானது, வீசும்போதே முள்ளிலிருந்து கழன்றுவிடும். முந்தின இரவே விரல் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, கல்லுப்புத் தூவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் ஊறிய நீரை வடித்துவிட்டால் துண்டு இறுகியிருக்கும். முள்ளைத் தோல் பக்கமிருந்து ஒரே ஒரு முறை குத்தி எடுங்கள்.