நீலக்கல் வாங்க வசதி இல்லை. அதிகம் பேசப்படாத வேறு நல்ல நீலக் கல் ஏதாவது உண்டா?

உண்டு, அயோலைட். ஏழு வருடமாக என் மோதிரத்தில் இருப்பது அதுதான். ராசிக்கல் கடைகளில் 'நீலி' என்ற பெயரில், நீலக்கல்லுக்கு உபரத்தினமாக விற்பார்கள். பலன் பேச்சுக்குள் நான் போகவில்லை, கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காங்கயத்தில் பட்டை தீட்டும் பெரியவர் ஒருவரிடம் சந்திரகாந்தக்கல் வாங்கப் போயிருந்தேன். கரூர், காங்கயம் பக்கம் சந்திரகாந்தக்கல்லோடு அயோலைட்டும் கிடைக்கும். பட்டை போடாத ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல ஊதா கலந்த நீலம். "அப்படியே திருப்பிப் பாரு கண்ணு" என்றார். திருப்பினேன், நீலத்தைக் காணோம்! அரிசி கழுவிய தண்ணீரில் துளி மஞ்சள் கலந்த மாதிரி இருந்தது. மறுபடி திருப்பினால் நீலம் திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கல்லுக்குள் நுழையும் ஒளி, போகும் திசையைப் பொறுத்து வேறு வேறு நிறங்களை இழக்கிறது. ஒரு திசையில் ஊதா, ஒரு திசையில் வெளிர்நீலம், மூன்றாவதில் வெளிர்மஞ்சள். நீலக்கல்லிலும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு, ஆனால் இவ்வளவு அப்பட்டமாக இருக்காது. படிகத்தின் நீளவாக்கில் பார்த்தால்தான் நல்ல நீலம் தெரியும், அதனால் கல்லின் முகத்தை அந்தப் பக்கம் வைத்தே பட்டை போட வேண்டும். "நிறத்தப் பாத்தா எடை போவுது, எடையப் பாத்தா நிறம் போவுது" என்று அலுத்துக்கொண்டார் பெரியவர். கடையில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு அயோலைட் கிடந்தால், பெரும்பாலும் எடைக்கு ஆசைப்பட்டு வெட்டியிருப்பார்கள்.

வீட்டிலேயே ஒரு வேடிக்கை பார்க்கலாம். எல்சிடி திரையுள்ள மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னால் கல்லைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். அந்தத் திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது என்பதால், நீலமும் மஞ்சளும் மாறி மாறி வரும். கண்ணாடிப் போலியில் இது நடக்காது. பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங் மாலுமிகள் மேகமூட்டத்தில் சூரியனின் திசையறியப் பயன்படுத்திய 'சூரியக்கல்' இந்த வகையாக இருக்கலாம் என்று டென்மார்க் தொல்லியலாளர் தோர்கில்ட் ராம்ஸ்கோ 1967இல் சொன்னார். இல்லை, கால்சைட் என்ற வேறு கனிமம்தான் என்பவர்களும் உண்டு, வாதம் இன்னும் தீரவில்லை.

கனிமவியலில் இதற்குப் பெயர் கார்டியரைட், பிரெஞ்சு நிலவியலாளர் கார்டியரின் பெயரால் வந்தது. சூடு பட்டாலும் அதிகம் விரியாத குணம் இதற்கு. அதனால் இதே பொருளைச் செயற்கையாகச் செய்து, கார் புகைபோக்கியில் நச்சுப்புகையைக் குறைக்கும் தேன்கூடு வடிவக் கட்டிக்குப் பயன்படுத்துகிறார்கள். மோதிரத்தில் இருக்கும் சரக்கு சைலன்சர் பக்கத்திலும் இருக்கிறது என்று சொன்னால் என் தங்கைக்கு ஒரே சிரிப்பு.

சரி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. நீலக்கல்லைப் போல இதைச் சூடுபடுத்தி நிறமேற்றும் வழக்கம் இல்லை, அந்தக் கவலை வேண்டாம். அடர்த்தி நீலக்கல்லுக்கு 4, இதற்குச் சுமார் 2.6. அதாவது 6 மில்லிமீட்டர் வட்டமான நீலக்கல் ஏறக்குறைய 1 காரட் நிற்கும், அதே அளவு அயோலைட் 0.7 காரட் பக்கம்தான் வரும். அதனால் காரட்டை மட்டும் கேட்டு வாங்காமல் அளவையும் கேளுங்கள். ரொம்பப் பெரிய கல்லும் வேண்டாம், கறுத்துத் தெரியும். பின்பக்கம் திறந்த ஓபன் செட்டிங்கில் வைத்தால் வெளிச்சம் புகுந்து நிறம் எழும்.

வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் 7 முதல் 7.5 வரை, நீலக்கல்லுக்கு 9. தவிர, ஒரு திசையில் பிளந்துகொள்ளும் குணமும் உண்டு. என் கல்லின் ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கிறது, பாத்திரம் தேய்க்கும்போது கழற்றாத என் தப்பு. தினமும் போடத்தான் வேண்டும் என்றால் மோதிரத்தைவிட டாலராகச் செய்துகொள்ளுங்கள். அப்புறம், நகைக்கடையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும்.